பெரிய ஃபில்டர் மாட்டியும் நைட்ரேட் ஏன் இறங்கவில்லை?

கடல்நீர்த் தொட்டி வைத்து ஓராண்டு ஆனதும் பலருக்கும் ஒரே இடத்தில் வண்டி நின்றுபோகும். மீன்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் கண்ணாடியைத் துடைத்த மறுநாளே பாசி படிகிறது. பாறையில் தலைமுடி போலப் பச்சை முளைக்கிறது. போன மாதம் வரை விரிந்து நின்ற பவளம் பாதி நாள் சுருங்கியே கிடக்கிறது. டெஸ்ட் கிட்டை எடுத்துப் பார்த்தால் நைட்ரேட் 40 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 40 மில்லிகிராம். "ஃபில்டர் போதவில்லை, பெரிதாக ஒன்று வாங்கிவிட வேண்டியதுதான்" என்று உடனே தோன்றும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தொட்டியின் அளவுக்கு இருமடங்கு திறன் உள்ள கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) ஒன்றை மாட்டினேன். இரண்டே நாளில் தண்ணீர் பளிங்கு மாதிரி ஆனது. நைட்ரேட் மட்டும் அசையவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது 50-க்கு ஏறியிருந்தது.

அந்த ஃபில்டரில் கோளாறு எதுவும் இல்லை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. நான் அதனிடம் கேட்டது வேறு வேலை.

"ஃபில்டர்" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகள் ஒளிந்திருக்கின்றன: பிடிப்பது, மாற்றுவது, வெளியேற்றுவது. பஞ்சும் வலைப்பையும் மிதக்கும் தூசியைப் பிடிக்கின்றன. பாக்டீரியாக்கள் ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றுகின்றன. தொட்டியை விட்டு அழுக்கை வெளியே கொண்டுபோவது மூன்றாவது வேலை. முதல் இரண்டும் எவ்வளவு நன்றாக நடந்தாலும், மூன்றாவது நடக்காவிட்டால் அழுக்கு தொட்டிக்குள்ளேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

நாம் போடும் தீனியில் புரதம் இருக்கிறது. மீன் தின்றது போக மிஞ்சியதும், மீனின் கழிவும் சேர்ந்து அம்மோனியா ஆகிறது. அம்மோனியா கொடிய நஞ்சு, கொஞ்சம் இருந்தாலே மீன் திணறும். பாறை, மணல், ஃபில்டர் பஞ்சு என்று எல்லா மேற்பரப்பிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறு சில பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல, மீன்கள் தாங்கிக்கொள்ளும். அதனால் "சுத்தமாகிவிட்டது" என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் தீனியில் இருந்த நைட்ரஜன் வேறு வேடத்தில் அதே தண்ணீரில்தான் இருக்கிறது. கேனிஸ்டர் பஞ்சில் சிக்கிய தூசியும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறதே தவிர, அதே தண்ணீர்தான் அதன் வழியாக ஓடுகிறது. வாரம் ஒருமுறை திறந்து கழுவாவிட்டால் அது அங்கேயே மட்கி நைட்ரேட்டாக வந்துகொண்டே இருக்கும். வீட்டைக் கூட்டிக் குப்பையைக் கதவுக்குப் பின்னால் ஒதுக்கி வைப்பது போலத்தான். நான் என் கேனிஸ்டரை இரண்டு மாதம் திறக்கவே இல்லை.

நைட்ரஜனுக்கு இன்னொரு வழியும் உண்டு. நுண்துளைகள் நிறைந்த பாறையின் உள்ளே ஆக்ஸிஜன் எட்டாத பகுதிகள் இருக்கும். அங்கே வாழும் பாக்டீரியாக்கள் ஆக்ஸிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைப் பயன்படுத்தி, நைட்ரஜன் வாயுவாக வெளியே விடுகின்றன. அது குமிழியாகிக் காற்றோடு போய்விடும். ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையும் காற்றுக் குமிழியும் மட்டும் வைத்துப் பவளம் வளர்க்கலாம் என்று 1961-லேயே எழுதினார். பின்னாளில் இந்த உயிருள்ள பாறையோடு (லைவ் ராக்), அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் என்ற கருவியைச் சேர்த்து நடத்தும் வழி பெர்லின் முறை என்ற பெயரில் பரவியது. இன்று வீடுகளில் இருக்கும் பெரும்பாலான பவளத் தொட்டிகள் ஏதோ ஒரு வகையில் அதன் வாரிசுகள்தான். ஆகவே பாறையை ஃபில்டரின் பக்கவாத்தியமாக நினைக்காதீர்கள். அதுதான் ஃபில்டர்.

தீனியோடு வந்து பாசியை வளர்க்கும் இன்னொரு சத்தான பாஸ்பேட்டுக்கு இந்த வசதியும் இல்லை. அது வாயுவாகாது. தீனி வழியாக வந்தது எல்லாம், நாம் எடுக்கும் வரை தண்ணீரிலும் பாசியிலும் பாறையிலும் மணலிலும் தங்கும்.

ஒரு சின்னக் கணக்கு

கருவி வாங்கும் முன் ஒரு பேப்பரில் இதைப் போட்டுப் பாருங்கள். உங்கள் தொட்டியில் வாரத்துக்கு 4 பி.பி.எம். நைட்ரேட் புதிதாகச் சேர்கிறது, வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நைட்ரேட் 40-ல் இருக்கும்போது தண்ணீர் மாற்றினால் 36 ஆகும். அடுத்த வாரம் 4 சேரும். மறுபடி 40. இப்படியே ஆண்டுக்கணக்கில் ஓடலாம், ஒரு புள்ளி இறங்காது. "வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றுகிறேன், ஆனாலும் குறையவில்லை" என்ற புலம்பலின் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வாரச் சேர்க்கையை, மாற்றும் தண்ணீரின் பங்கால் வகுத்தால் நைட்ரேட் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துவிடும். 4-ஐ 0.10-ஆல் வகுத்தால் 40. மாற்றும் தண்ணீரை 25 சதவீதம் ஆக்கினால், 4-ஐ 0.25-ஆல் வகுக்க, மெல்ல மெல்ல 16-க்கு வந்து நிற்கும். 10 சதவீதமே மாற்றி, சேர்க்கையை மட்டும் பாதியாகக் குறைத்தாலும் 20-க்கு வந்துவிடும். அதற்குத் தீனியை அளந்து போட்டாலே போதும், காசு செலவில்லை. இரண்டையும் செய்தால் 8. நல்ல கருவி என்பது இந்தக் கணக்கில் மேலே இருக்கும் எண்ணைக் குறைப்பது அல்லது கீழே இருக்கும் எண்ணைக் கூட்டுவது. வாங்கப்போகும் பொருள் இரண்டில் எதைச் செய்கிறது என்று சொல்லத் தெரியாவிட்டால், வாங்குவதைத் தள்ளிப்போடலாம்.

அதற்கும் முன்னால், ஊற்றும் தண்ணீர். தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டுமே, மற்றதெல்லாம் உள்ளேயே தங்கும். குழாய்த் தண்ணீரை ஊற்றி ஈடுகட்டினால் அதிலிருக்கும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் நாளுக்கு நாள் செறிந்துகொண்டே போகும். செம்பு இருந்தால் இன்னும் மோசம், இறால், நத்தை, பவளம் எதற்கும் அது ஆகாது. ஆர்.ஓ.வுக்குப் பிறகு, மிச்சமிருக்கும் அயனிகளைப் பிடிக்கும் டி.ஐ. பிசின் வழியாகவும் வந்த தண்ணீர், கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்ட வேண்டும். ஏறத் தொடங்கினால் பிசினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. என்னைக் கேட்டால் முதல் மேம்பாடு இதுதான். பார்க்க அழகில்லாத சாமான் என்பதால் எல்லோரும் கடைசியில் வாங்குகிறோம்.

ஸ்கிம்மர்

கடற்கரையில் அலை ஒதுக்கிவிட்டுப் போகும் பழுப்பு நுரையைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கிம்மர் செய்வது அதைத்தான், ஒரு குழாய்க்குள். புரதம் போன்ற பல மூலக்கூறுகளுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை தண்ணீரை விட்டு ஓடப் பார்க்கும். காற்றும் தண்ணீரும் சந்திக்கும் இடம் அவற்றுக்குச் சரியான தங்குமிடம். ஒரு குமிழியின் மேற்பரப்பு முழுவதும் அப்படிப்பட்ட இடம்தான். லட்சக்கணக்கான பொடிக்குமிழிகளைத் தண்ணீரோடு கலந்துவிட்டால், அழுக்கு அவற்றில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறிக் கோப்பையில் விழும். நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். உப்புநீரில் பொடியாகவே நிற்கும். அதனால்தான் இது கடல்நீர்த் தொட்டிக்கே உரிய கருவியாக இருக்கிறது.

இதன் சிறப்பு, அழுக்கு அம்மோனியாவாக உடையும் முன்பே அதைத் தொட்டியை விட்டு வெளியேற்றிவிடுவது. கணக்கின் மேல் எண் குறைகிறது. கூடவே ஏராளமான காற்று கலப்பதால் ஆக்ஸிஜனும் கூடும். அடைத்த அறையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்குவது வழக்கம். ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் கொஞ்சம் தேறும்.

எவ்வளவு பெரியது வாங்குவது? பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் அளவு பெரும்பாலும் தாராள மனசோடு எழுதியது. மீன் அதிகம் என்றால் ஒரு படி பெரிதாக எடுக்கலாம். அதற்காக மூன்று மடங்கு பெரியதும் வேண்டாம். நுரையைத் தாங்கிப் பிடிக்கும் அளவுக்கு அழுக்கு இல்லையென்றால் நுரை கோப்பை வரை ஏறாமல் இடையிலேயே உடைந்துவிடும். புதிதாக மாட்டியதும் முதல் ஓரிரு வாரம் கோணங்கித்தனம் செய்யும். ஒருநாள் பொங்கி வழியும், மறுநாள் ஒன்றுமே வராது. பிளாஸ்டிக்கில் இருக்கும் எண்ணெய்ப் பசை போகும் வரை அப்படித்தான், பழுது என்று திருப்பி அனுப்ப வேண்டாம். அது நிற்கும் இடத்தில் தண்ணீர் மட்டமும் மாறாமல் இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் ஏறி இறங்கினாலே நுரையின் உயரம் மாறிவிடும்.

சம்ப், அதாவது கீழ்த்தொட்டி

தண்ணீர் மட்டம் மாறாத இடம் வேண்டும் என்றாலே சம்ப் தேவைப்படுகிறது. பிரதான தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி. மேலிருந்து வழிந்து வரும் தண்ணீர் அதில் விழும், மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். நடுவில் கண்ணாடித் தடுப்புகள். ஸ்கிம்மர், ஹீட்டர், வலைப்பை எல்லாம் அங்கே ஒளிந்துகொள்ளும். தண்ணீரின் மொத்த அளவு கூடுவதும், மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப்படலம் வழிந்து போவதும் கூடுதல் லாபம்.

புதிதாக சம்ப் வைப்பவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வழுக்குவது நிஜமாகவே தரையில். மின்சாரம் நின்றதும் மோட்டார் நிற்கும், ஆனால் மேலே இருக்கும் தண்ணீர் கொஞ்ச நேரம் கீழே வந்துகொண்டே இருக்கும். திரும்பும் குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், அதுவும் உறிஞ்சுகுழாயாக மாறித் தண்ணீரைக் கீழே இழுக்கும்.

90 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 50 உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 4 லிட்டர். குழாய் வாய் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 20 லிட்டர் கீழே வரும். சம்ப் 60-க்கு 35, உயரம் 40 என்று இருக்கட்டும். அதில் 20 சென்டிமீட்டர் வரை தண்ணீர் ஓடினால் மேலே இன்னும் 42 லிட்டருக்கு இடம் இருக்கும், கவலையில்லை. "நிறையத் தண்ணீர் இருந்தால் நல்லதுதானே" என்று 32 சென்டிமீட்டர் வரை நிரப்பினால், மிச்ச இடம் 17 லிட்டருக்கும் குறைவு. முதல் மின்தடையிலேயே தரை ஈரம். உறிஞ்சல் நிற்க வேண்டும் என்று குழாயில் சின்னத் துளை போடுவார்கள். அது நல்லது, ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு நத்தை போய் அடைத்துக்கொண்டால் கதை முடிந்தது. சம்ப் ஓடத் தொடங்கிய அன்றே மோட்டாரை நீங்களே நிறுத்தி, தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

மோட்டார் பெரிதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. தொட்டியின் கொள்ளளவைப் போல மணிக்கு 3 முதல் 5 மடங்கு சம்ப் வழியாகப் போய்வந்தாலே தாராளம். அட்டையில் போட்டிருக்கும் அளவு உயரமே ஏற்றாதபோது கிடைப்பது. ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றும்போது கணிசமாகக் குறையும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பவளத்துக்கு வேண்டிய அலையடிப்பைத் தொட்டிக்குள் வைக்கும் வேவ்மேக்கர் பார்த்துக்கொள்ளும். கல்பவளங்களுக்கு அது மணிக்கு 20 மடங்கும் அதற்கு மேலும் கூடப் போகலாம்.

சம்ப் வந்ததும் ஆவியாகும் தண்ணீரின் குறைவெல்லாம் சம்பில் மோட்டார் இருக்கும் தடுப்பில் மட்டும் தெரியும். அங்கே மட்டம் இறங்கினால் மோட்டார் காற்றை இழுக்கும். அதனால் ஏ.டி.ஓ. எனப்படும் தானியங்கி நிரப்பி ஒன்று வேண்டும். அதில் எப்போதும் உப்பில்லாத நன்னீர்தான் ஊற்ற வேண்டும், ஏனென்றால் உப்பு ஆவியாகவில்லை. நன்னீர் வாளி பெரிதாக இருந்தால் அடிக்கடி நிரப்ப வேண்டாமே என்று தோன்றும். சென்சார் ஒருநாள் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். சம்பையும் சேர்த்து 200 லிட்டர், உப்பு ஆயிரத்துக்கு 35. 10 லிட்டர் வாளி முழுவதும் கொட்டினால் 33.3 ஆகும், பவளம் முகம் சுளிக்கும், பிழைத்துக்கொள்ளும். 40 லிட்டர் வாளி கொட்டினால் 29.2. ஒரே இரவில் இவ்வளவு இறங்கினால் பவளங்கள் சிலவற்றைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். வாளி சின்னதாகவே இருக்கட்டும்.

ஹீட்டருக்கும் இதே தர்க்கம்தான். 200 வாட் ஒன்றுக்குப் பதில் 100 வாட் இரண்டு. ஒன்று நின்றுபோனால் மற்றது ஓரளவு தாங்கும். ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் தனியாகத் தொட்டியை வேக வைக்கும் பலம் அதற்கு இருக்காது. 25, 26 டிகிரியில் நிலையாக இருந்தால் சரி. மின்கம்பிகள் சுவிட்ச் போர்டுக்குப் போகும் முன் ஒரு வளைவு தொங்கிவிட்டு ஏறட்டும். வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்கிற்குள் போகாது.

மிதமிஞ்சிய சுத்தம்

அடுத்து நான் செய்த இரண்டாவது தவறு. கேனிஸ்டர் கைவிட்டதும் ஒரே வாரத்தில் புது ஸ்கிம்மர், பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகள், கூடவே ஆக்டிவேட்டட் கார்பன் என்று மூன்றையும் இறக்கிவிட்டேன். 0.2-ல் இருந்த பாஸ்பேட் சில நாளில் டெஸ்ட் கிட்டில் தெரியாத அளவுக்குப் போனது. நான் மகிழ்ந்துகொண்டிருந்தபோதே கிளைப் பவளத்தின் நுனிகள் வெளுக்கத் தொடங்கின. அடுத்த மாதம் மணல்மேல் குமிழி பூத்த பழுப்புக் கொழகொழப்பு ஒன்று படர்ந்தது. அது டைனோஃப்ளாஜெல்லேட் என்ற ஒற்றைச்செல் உயிர். போட்டிக்கு வேறு பாசி இல்லாத, சத்து வற்றிய தண்ணீர் அதற்குக் கொண்டாட்டம்.

பவளத்தின் திசுவுக்குள் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியிலிருந்து உணவு தயாரித்துப் பவளத்துக்குக் கொடுப்பவை அவைதான். அவற்றுக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் இரண்டும் வேண்டும். கடல்நீரில் கரைந்த சத்து குறைவுதான், ஆனால் அங்கே மிதவையுயிர்கள் ஓயாமல் வந்து வாயில் விழுகின்றன. நம் தொட்டியில் அந்த விருந்து இல்லை. ஆகவே குறி பூஜ்யம் கிடையாது. நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான பவளங்கள் நலமாக இருக்கும். இரும்பு மணிகளைச் சொன்ன அளவில் கால் பங்கில் தொடங்கி, வாரம் இருமுறை சோதித்து, பிறகு கூட்டலாம். கார்பனிலும் ஒரு கண்ணி உண்டு. தண்ணீரின் மஞ்சள் நிறம் திடீரென்று போய்விட்டால் அதே விளக்கு பவளத்துக்கு இன்னும் பிரகாசமாக அடிக்கும். புது எல்.இ.டி. மாட்டினால் பாதி ஒளியில் தொடங்கி நான்கு வாரத்தில் ஏற்றச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

அதற்குப் பிறகு ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அடுத்ததற்கு முன் குறைந்தது மூன்று வாரம் என்று வைத்துக்கொண்டேன். பொறுமையைச் சோதிக்கும் விதிதான். ஆனால் ஏதாவது நடந்தால் எதனால் நடந்தது என்று தெரியும்.

பழைய ஃபில்டரை எடுக்கும்போதும் அதே நிதானம் வேண்டும். அதன் பஞ்சிலும் வளையங்களிலும் பாக்டீரியாக் குடியிருப்பு இருக்கிறது. புதியது ஓடத் தொடங்கிய பிறகும் நான்கைந்து வாரம் பழையது கூடவே ஓடட்டும். பிறகு உள்ளே இருப்பதைப் பகுதி பகுதியாக எடுத்து, ஒவ்வொரு முறையும் அம்மோனியா பாருங்கள். பாறை நிறைய இருந்தால் எதுவும் தெரியாமலே கடந்துபோகும்.

எல்லாம் சரியாக அமைந்தபின் புதிதாக ஒரு "பிரச்சினை" வரும். காரத்தன்மை இறங்கத் தொடங்கும். 8 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) இருந்தது நாலு நாளில் 7 ஆகும். பயப்பட வேண்டாம். பவளம் வளர்கிறது, எலும்புக்கூடு கட்டக் கால்சியமும் கார்பனேட்டும் எடுத்துக்கொள்கிறது. இதுவரை வளராததால் குறையவில்லை. இப்போதுதான் கால்சியம், காரத்தன்மைக் கரைசல்களை அளந்து சேர்க்கும் டோசிங் பம்ப்புக்கு வேலை வருகிறது. அதற்கு முன் வாங்கியிருந்தால் சும்மா இருந்திருக்கும். நாளொன்றுக்கு எவ்வளவு குறைகிறது என்று ஒரு வாரம் அளந்து, அதே அளவு மட்டும் சேருங்கள். காரத்தன்மை ஒரு நாளில் 1 டி.கே.எச்.-க்கு மேல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.

என்னுடைய பழைய கேனிஸ்டரை விற்கவில்லை. இப்போது அது காலியாக அலமாரியில் இருக்கிறது. தண்ணீர் மஞ்சளித்தால் கைப்பிடி கார்பன் போட்டு மூன்று நாள் ஓட விடுவேன். பாறைகளை ஊதிச் சுத்தம் செய்யும் நாளில் புதுப் பஞ்சு வைத்து, கிளம்பும் தூசியைப் பிடிக்கப் போடுவேன். அன்று மாலையே கழற்றிக் கழுவிவிடுவேன்.